செவ்வாயும் வெள்ளியும் வந்த ஈக்கள்

“இந்த வருஷமும் பழத்துல புழு இருந்துச்சுன்னா மரத்தை எடுத்துடலாம். கார் நிறுத்தவாவது இடம் கிடைக்கும்.”

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் இதைச் சொன்னபோது பொங்கல் முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மந்தைவெளியில் இருக்கிறது எங்கள் மூன்று மாடிக் கட்டடம். அதன் முன்னால் நிற்கிற ஒற்றை மாமரம் அப்போதுதான் பூத்திருந்தது. செயலாளர் கெட்டவர் இல்லை. அவர் பக்கமும் நியாயம் இருந்தது. வருஷா வருஷம் பழம் மஞ்சள் மஞ்சளாகத் தொங்கும், பார்த்தால் வாயில் எச்சில் ஊறும். அறுத்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாய்ப் புழு நெளியும். சிலது துள்ளவும் செய்யும். அறுக்காமல் விட்டதெல்லாம் தானாக விழுந்து, கார் மேலும் படி மேலும் நசுங்கி, மே மாதம் முழுக்க வாசலில் ஒரு புளித்த நாற்றம். “மாம்பழம் சாப்பிட டி.நகர் போய் வாங்கிக்கறோம், மரம் எதுக்கு?” என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். யாரும் மறுத்துப் பேசவில்லை.

கூட்டம் கலைந்து படியேறும்போது கீழ்வீட்டு டீச்சர் என்னை நிறுத்தினார்.

“அண்ணே, மரம் போயிட்டா அவர் எதைப் பாப்பாரு?”

அவர் என்றால் டீச்சரின் வீட்டுக்காரர், எங்களுக்கெல்லாம் ‘சார்’. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அத்தனை உயரத்தில் உட்கார்ந்து கடலையும் கப்பலையும் பார்த்துக்கொண்டிருந்த மனிதர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஜன்னலோரக் கட்டில்தான் இப்போது அவருக்கு உலகம். ஒருமுறை உடற்பயிற்சி சொல்லித்தர வந்தவர் வசதிக்காகக் கட்டிலை எதிர்ச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டார். அன்றைக்கு இவர் கஞ்சியைத் தொடவே இல்லை. சாயங்காலம் பழையபடி ஜன்னல் பக்கம் போட்ட பிறகுதான் வாயைத் திறந்தார். ஜன்னலுக்கு வெளியே அந்த மாமரம். மரத்தைத் தாண்டினால் அடுத்த கட்டடத்துச் சுவரும் அதில் வரிசையாக மாட்டிய ஏசிப் பெட்டிகளும்.

“கூட்டத்துல இதைச் சொல்லியிருக்கலாமே டீச்சர்?”

“சொன்னா பாவம்னு விட்டுடுவாங்க. பாவம்னு விட்டது எத்தனை நாள் நிக்கும்? புழு இல்லாம பண்ணிக் காட்டுவோம்.”

மனிதர்கள் பேசுகிற தினுசு எனக்கு ரொம்பப் பிடிக்கும். நான் அதிகம் படித்தவன் இல்லை. கற்றுக்கொண்டதெல்லாம் நாலு பேர் பேச்சைக் கேட்டுத்தான். டீச்சர் சொன்னதைக் கேட்ட பிறகு வீட்டுக்குப் போய்ப் படுக்க முடியுமா? “நான் கூட கீறேன் டீச்சர், சேந்தே பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டேன்.

கோடம்பாக்கத்து ஸ்டுடியோக்களில் லைட்மேனாக வேலை பார்த்தவன் நான். கட்டடத்தில் எல்லாருக்கும் நான் ‘லைட் அண்ணா’. பூச்சி என்றதும் என் புத்தி எங்கே போகும்? பழைய விளக்கு ஒன்றைக் கிளையில் கட்டி, கீழே சோப்புத் தண்ணீர் வைத்தேன். மந்தைவெளியில் இருந்த அந்துப்பூச்சி, ஈசல், வண்டு எல்லாம் குடும்பத்தோடு வந்து விழுந்தன. பழ ஈ ஒன்றுகூட இல்லை.

டீச்சர் சிரித்தார். கான்வென்ட்டில் விஞ்ஞானம் எடுத்தவர். “அது பகல்ல வேலை பாக்குற ஈ அண்ணே. அதுக்கு வெளிச்சம் வேணாம், வாசனைதான் வேணும்.”

அப்படித்தான் நாங்கள் இருவரும் ஒருநாள் அடையாறில் மாடித்தோட்டச் சாமான் விற்கிற கடைக்குப் போனோம். கடைக்காரர் எடுத்த எடுப்பில் “மாவுக்கா, பாகலுக்கா?” என்று கேட்டார். மாமரத்துக்கு வருகிற ஈ வேறு, பாகல், பீர்க்கன் கொடிக்கு வருகிற ஈ வேறாம். அதுக்கு ஒரு வாசனை, இதுக்கு ஒரு வாசனை. மாவுக்கென்று கேட்டு வாங்கினோம். மஞ்சள் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. பக்கத்தில் ஈ நுழைய ஓட்டைகள். உள்ளே மருந்தில் ஊறவைத்த சின்ன மரக்கட்டை ஒன்று தொங்கும். அந்த வாசனையை நம்பி உள்ளே போகிற ஈ அங்கேயே செத்து விழும். நான் மூக்கை வைத்துப் பார்த்தேன். கிராம்பு மாதிரி இருந்தது. தொழிற்சாலையில் செய்த வாசனை என்றே சொல்ல முடியாது.

“இதுக்கு ஆண் ஈ மட்டும்தான் வரும்” என்றார் கடைக்காரர்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு அதுவே குடைந்தது. “இன்னா டீச்சர் இது? காயைக் குத்தி முட்டை போடுறது பொம்பளை ஈ. அதை உட்டுட்டு ஆம்பளையப் புடிச்சு இன்னா பிரயோஜனம்?”

“ஆண் வந்தா பெண்ணும் பக்கத்துல எங்கேயோ இருக்குன்னு அர்த்தம். இது வேவு பாக்குற டப்பா அண்ணே. ஈ வர ஆரம்பிச்சுதுன்னு இது சொல்லும். சொன்ன உடனே நாம காய்க்கெல்லாம் உறை போட்டுடணும். பிஞ்சிலேயே போட்டா காம்பு தாங்காது. ரொம்ப லேட்டாப் போட்டா ஈ குத்திட்டுப் போயிருக்கும்.”

“அப்ப இது போலீஸ் இல்ல. இன்ஃபார்மர்.”

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

டப்பாவுக்குத் தமிழில் ‘இனக்கவர்ச்சிப் பொறி’ என்று பெயர். பெட்டி மேலேயே அச்சிட்டிருந்தது. யாரும் தெரியாமல் கழற்றிவிடக் கூடாது என்று டீச்சர் அதை அழகான கையெழுத்தில் எழுதி, அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லிச் செயலாளரிடம் கொடுத்தார். அவர் படித்துப் பார்த்துவிட்டுக் கூச்சப்பட்டார். “டீச்சர், குடும்பங்கள் இருக்கிற இடம். ‘ஈ டப்பா’ன்னு போட்டுக்கலாமே?” ஈ டப்பா என்றே போட்டோம்.

ஏணி ஏறுவது எனக்குப் பழகின வேலை. டீச்சர் வீட்டு ஜன்னலுக்கு நேராக, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நிழலான கிளையாகப் பார்த்துக் கட்டினேன். உள்ளே கட்டிலில் இருந்து சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னா நைனா, ஃப்ரேம் ஓகேவா?” என்று கேட்டேன். இடது கையை லேசாகத் தூக்கினார். அது ஓகே என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் டீச்சர் டப்பாவை இறக்கி, ஒரு காகிதத்தில் தட்டிப் பார்ப்பார். முதல் வாரங்களில் வெறும் டப்பா. பிஞ்சு விட்டுக் காய் பெரிதாகிக்கொண்டிருந்தது. “ஈயே இல்ல அண்ணே, இந்த வருஷம் தப்பிச்சோம்” என்று டீச்சர் முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார். செயலாளரிடமும் போய்ச் சொல்லிவிட்டார்.

பிறகுதான் அந்த விசித்திரம் ஆரம்பித்தது. ஒரு செவ்வாய்க்கிழமை டப்பாவில் ஏழெட்டு ஈ கிடந்தது. பழுப்பு உடம்பு, இடுப்பில் மஞ்சள், கண்ணாடி இறக்கை. புதன் ஒன்றும் இல்லை. வியாழன் ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை மறுபடி விழுந்தது. அடுத்த வாரமும் அப்படியே. செவ்வாய், வெள்ளி மட்டும். தினமும் விழுந்தால்தான் ஈ நிலைத்துவிட்டது என்று அர்த்தம், அதுவரை காய் இன்னும் கொஞ்சம் திரளட்டும் என்று டீச்சர் உறை போடாமல் காத்திருந்தார்.

“பூச்சி நாள் கிழமை பாக்குமா டீச்சர்?”

“அதான் எனக்கும் புரியல. தவக்காலத்துல வெள்ளிக்கிழமை நாங்க கறி சமைக்கறதில்ல. அந்த வாசனை இல்லாததால வருதோன்னு பாத்தேன்.”

“அப்ப செவ்வாய்க்கிழமை?”

“செவ்வாய்க்கிழமை நல்லா சமைப்போம்.”

நான் என் பங்குக்குத் தண்ணீர் லாரி வருகிற நாளைச் சந்தேகப்பட்டேன். செயலாளரோ, “வாரத்துல ரெண்டு நாள் ட்யூட்டி போல” என்று சொல்லிவிட்டு ஆபீஸுக்குப் போய்விட்டார். முதல் மாடி மாமியிடம் கேட்டோம். “செவ்வா, வெள்ளி அம்பாளுக்கு உகந்த நாளாச்சே. எல்லாரும் வருவா” என்றார் மாமி.

இதற்கிடையில் டீச்சருக்கு இன்னொரு கவலை. சார் அடிக்கடி இடது கையை நீட்டி மரத்தடியைக் காட்ட ஆரம்பித்திருந்தார். மரத்தடியில் வெயில் விழுகிற பக்கம் மாமியின் துளசித் தொட்டிகள் இருந்தன. பக்கத்துக் கட்டடம் உயர்ந்ததிலிருந்து மாமியின் பால்கனியில் வெயில் இல்லை. அதனால் எல்லாத் தொட்டியையும் கீழே கொண்டுவந்து வைத்துவிட்டார். காலையில் குளித்துவிட்டு இறங்கி வந்து பெருமாளுக்குத் துளசி பறித்துக்கொண்டு போவார்.

“சளி பிடிச்சிருக்கு போல. துளசிக் கஷாயம் கேக்குறாரு” என்று டீச்சர் முடிவுகட்டினார். மாமியிடம் ஒரு கைப்பிடி வாங்கி, மிளகு தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்துக் கொடுத்தார். சார் ஒரு வாய் குடித்துவிட்டு, டீச்சரின் புடவை மேலேயே துப்பினார். மறுநாளும் கையை நீட்டினார், மறுநாளும் கஷாயம் வந்தது. எனக்குச் சாரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

ஒரு வியாழக்கிழமை டப்பாவில் ஈ விழுந்தது. இதுவரை பார்த்ததைவிட அதிகம். நாங்கள் பிடித்து வைத்திருந்த ஒரே கணக்கும் போயிற்று. டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது. “என்னன்னே தெரியாம காவல் காக்கறோம் அண்ணே” என்றார்.

சனிக்கிழமை காலை. மாமி பெருமாளுக்கு மாலை கட்டவென்று துளசியை நிறையப் பறித்துக்கொண்டு போயிருந்தார். டீச்சர் சாருக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தார். வழக்கமாக நாற்காலி போட்டு ஊட்டுவார். அன்றைக்கு என்னவோ கட்டிலிலேயே அவர் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சார் மறுபடி கையை நீட்டினார். டீச்சர் அவர் தோளோடு தோளாக இருந்ததால், அந்த விரல் போகிற வழியிலேயே அவர் பார்வையும் போனது.

“அண்ணே! லைட் அண்ணே! ஓடி வாங்க!”

நான் மாடியிலிருந்து லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டே இறங்கினேன். துளசித் தொட்டிகளுக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தேன். மாமி கிள்ளிய காம்பு நுனிகளிலும், கசங்கின இலைகளிலும் பழ ஈ. ரேஷன் கடை வாசலில் நிற்கிற ஜனம் மாதிரி ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு உட்கார்ந்து நக்கிக்கொண்டிருந்தன. மேலே நாங்கள் கட்டின டப்பாவை ஏறிட்டுப் பார்க்கக்கூட ஆள் இல்லை.

டீச்சர் ஒரு இலையைக் கசக்கி முகர்ந்தார். என்னிடமும் நீட்டினார். அதே கிராம்பு வாசனை.

“கட்டையில ஊறவெச்சிருக்கிற சரக்கு துளசியிலயும் இருக்கும் போல அண்ணே. இலை கசங்கினா கிளம்புது. அந்தக் கட்டை வெயில்ல காஞ்சு வலுக் குறைஞ்சு கிடக்கு. பக்கத்துலேயே பச்சையா விருந்து இருக்கும்போது அது எதுக்கு டப்பாவுக்குள்ள போகும்?”

மரத்தடியிலிருந்தே குரல் கொடுத்து மாமியைக் கீழே கூப்பிட்டார். “மாமி, நீங்க என்னிக்கெல்லாம் துளசி பறிக்க மாட்டீங்க?”

“செவ்வா, வெள்ளி கிள்ளப்படாது. எங்காத்து வழக்கம். துவாதசி அன்னிக்கும் தொட மாட்டேன். ஏன் கேக்கறேள்?”

“முந்தாநாள் வியாழக்கிழமை?”

“துவாதசின்னா அது.”

டீச்சர் மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. மாமி பறிக்காத நாளில்தான் ஈ டப்பாவுக்குப் போயிருக்கிறது. மற்ற நாளெல்லாம் துளசியில் உட்கார்ந்திருக்கிறது. அப்படியென்றால் ஈ எப்போதோ வந்துவிட்டது. டப்பா வெறுமையாக இருக்கிறது என்று நாங்கள் காத்திருந்த அத்தனை நாளும் இங்கேயேதான் இருந்திருக்கிறது. பொழுதெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர் கையை நீட்டி நீட்டிச் சொன்னார், நாங்கள் கஷாயம் போட்டுக் கொடுத்தோம்.

“இன்னிக்கே உறை போடணும்” என்றார் டீச்சர் எழுந்து. “டப்பாவும் இனிமே ஒழுங்காச் சொல்லணும்.”

நான் எனக்குத் தெரிந்த வழியைச் சொன்னேன். “சிம்பிள். புதுக் கட்டை போட்டு டப்பாவைத் துளசிக்குள்ளேயே வெச்சிடலாம்.”

மாமி காதைப் பொத்திக்கொண்டார். “துளசி காலடியில கொலை பண்ணுவேளா? நன்னாருக்கே! நான் தெனம் நமஸ்காரம் பண்ற இடம்.”

டீச்சர் கெஞ்சவில்லை. அவர் தலை தன்னால் ஜன்னல் பக்கம் திரும்பியது. அங்கே சார், வாயோரம் சட்னியோடு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியும் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

“மொட்டை மாடிக்குக் கொண்டுபோயிடுங்கோ” என்றார்.

“மாமி, உங்க முழங்கால்...”

“முழங்கால் கெடக்கு. பெருமாள் ஏறச் சொல்றார், ஏறறேன். விளக்கேத்தி நமஸ்காரம் பண்ணிட்டு வந்துடறேன், அப்பறமா எடுங்கோ.”

தொட்டிகளை நான் சுமந்தேன். ஒரே ஒரு சின்னத் தொட்டியை மட்டும் மாமி தரமாட்டேன் என்று தானே இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் “அப்பாடி, அம்மாடி” என்று சொல்லிக்கொண்டே ஏறினார். அந்த அப்பாடியும் அம்மாடியும் மே மாதம் வரைக்கும் தினமும் காலையில் எங்கள் மாடிப்படியில் கேட்டது.

புதுக் கட்டை போட்ட மறுநாளே டப்பாவின் அடி தெரியவில்லை. அவ்வளவு ஈ. எங்களுக்கு அதைப் பார்க்க ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் பயம். பழைய செய்தித்தாளில் டீச்சர் உறை ஒட்டினார். மாமி பழைய வேட்டியைக் கிழித்துப் பை தைத்துக் கொடுத்தார். அதையெல்லாம் நான் ஏணியில் ஏறி, எட்டின கிளைகளின் காய்களில் கட்டினேன். ஏற்கனவே குத்து வாங்கின காய்கள் விழ ஆரம்பித்தன. அதை மண்ணில் கிடக்கவிட்டால் புழு மண்ணுக்குள் போய் ஈயாக வெளியே வருமாம். விழுந்ததைப் பொறுக்கிப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வெயிலில் போட்டுவிடுவோம். சார் ஜன்னலிலிருந்து கையை நீட்டினால் இப்போது நான் உடனே அந்தத் திசைக்கு ஓடினேன். பாதி நேரம் அங்கே அணில்தான் இருந்தது.

உச்சிக் கிளை மட்டும் எட்டவே இல்லை. பழைய ஸ்டுடியோ காலமாக இருந்தால் ஏறியிருப்பேன். டீச்சர் விடவில்லை. “ஒருத்தர் படுத்திருக்கிறது போதும்” என்று ஏணியைப் பிடித்து இழுத்தார்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்கக் கூட்டத்தை மரத்தடியிலேயே வைத்தார் செயலாளர். ஒரு மேஜை, ஒரு தட்டு, ஒரு கத்தி. உறைக்குள் பழுத்த பழத்தை நான் பறித்துக் கொடுத்தேன். அவரே அறுத்தார். சுத்தம். இன்னொன்று அறுத்தார், அதுவும் சுத்தம். கூட்டத்தில் ஒரு சின்ன ஆரவாரம். டீச்சர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

செயலாளர் நேர்மையான மனிதர். அதுதான் கஷ்டம். உச்சியிலிருந்து விழுந்து கிடந்த பழம் ஒன்றைத் தானே குனிந்து எடுத்து வந்து அறுத்தார். உள்ளே புழு நெளிந்தது. ஒன்று துள்ளி மேஜையில் விழுந்தது.

“பாருங்க” என்றார்.

டீச்சர் முன்னால் வந்து நின்று பேசினார். “அது உறை போட எட்டாத கிளை சார். காய்ப்பு முடிஞ்சதும் உச்சியைக் குறைச்சு விடுங்க. கார் மேல சாயிற கிளையையும் எடுத்துடுங்க. அடுத்த வருஷம் எல்லாக் காயும் கைக்கு எட்டும். டப்பாவை நான் பாத்துக்கறேன். அடி மரத்தை மட்டும் விட்டுடுங்க. உள்ளே இருக்கிறவருக்கு வேற ஒண்ணும் இல்ல.”

கடைசி வாக்கியத்தை அவர் சொல்ல நினைத்திருக்கவில்லை என்று நினைக்கிறேன். வந்துவிட்டது.

செயலாளர் கத்தியைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். அதற்குள் மாமி எழுந்தார். “மரத்தை வெட்டறதா இருந்தா முன்னமே சொல்லியிருக்கலாமோல்லியோ? நான் எதுக்கு மூணு மாடி ஏறிண்டிருக்கேன்?”

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். செயலாளரும் சிரித்தார். “சரி, கிளையை மட்டும் குறைப்போம். அடுத்த வருஷம் இதே மாதிரி அறுத்துப் பாக்கறேன்” என்றார். டீச்சர் தலையாட்டினார். அவருக்கு அது போதும்.

சுத்தமான பழத்தில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு டீச்சர் உள்ளே போனார். நாங்கள் வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தோம். சாருக்குச் சர்க்கரை உண்டு. “ஒரே ஒரு துண்டு, அவ்வளவுதான்” என்று சொல்லிக்கொண்டே தோலைச் சீவி, சின்னச் சின்னதாக நறுக்கி வாயில் வைத்தார். சார் கண்ணை மூடிக்கொண்டு மென்றார். ரொம்ப நேரம் மென்றார். சாறு தாடையில் வழிந்து கழுத்துக்குப் போனது. டீச்சர் அதைத் துடைக்க முந்தானையைத் தேடித் திரும்பினார்.

சார் கண்ணைத் திறந்தார். இடது கையை ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டினார். செயலாளர் சுத்தமான பழத் துண்டுகள் இருந்த தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார்.

“சார், அவருக்கு சுகர்!” என்றார் டீச்சர் உள்ளேயிருந்து.

செயலாளர் அதற்குள் கொடுத்துவிட்டிருந்தார்.